உருவப்பட ஒளியமைப்பு

உருவப்பட ஒளியமைப்பு என்பது ஒருவரின் முகத்தையோ மார்பளவு உருவத்தையோ ஒளிப்படம் எடுக்கும்போது, ஒளி எத்திசையிலிருந்து, எவ்வளவு தொலைவிலிருந்து, எவ்வளவு பரப்பிலிருந்து விழ வேண்டும் என்று தீர்மானித்து, அதற்கேற்ப விளக்குகளையும் எதிரொளிப்பான்களையும் நிறுவும் முறை ஆகும். முகம் முப்பரிமாணம் உடையது, ஒளிப்படம் தட்டையானது. நெற்றி, மூக்கு, கன்ன எலும்பு, தாடை ஆகியவற்றின் மேடு பள்ளங்களைப் படத்தில் உணர்த்துவது அவற்றின் மேல் விழும் ஒளியும் அவ்வொளி உண்டாக்கும் நிழலும் ஆகும். ஆகவே ஒளியமைப்பு என்பது பெருமளவில் நிழலை அமைக்கும் வேலையே.

இத்துறையில் கிடைக்கும் பாடநூல்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்கச் சூழலில் எழுதப்பட்டவை. வெளிறிய தோல், உயர்ந்த கூரை, வடக்கு நோக்கிய சாளரம் ஆகிய மூன்றையும் அவை இயல்பானவையாகக் கொள்கின்றன. சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் கடற்கரைப் பகுதியில், எடுத்துக்காட்டாக நெட்டுக்குப்பம் போன்ற மீனவர் ஊரில், சிறிய ஒளிப்பட நிலையம் ஒன்றை வைப்பவருக்கு இம்மூன்றுமே பொருந்தா. பொது விதிகளும், அவை இங்கே மாற்றிக்கொள்ளப்பட வேண்டிய இடங்களும் கீழே விளக்கப்படுகின்றன.

ஒளியின் இயல்புகள்

ஒளி மென்மையானதா கடுமையானதா என்பதை முடிவு செய்வது விளக்கின் ஆற்றல் அன்று. அமர்ந்திருப்பவரின் இடத்திலிருந்து பார்க்கும்போது ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பதே. சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 இலட்சம் கிலோமீட்டர். ஆயினும் அது வெகு தொலைவில் இருப்பதால் வானில் சிறு வட்டமாகவே தெரிகிறது. அதனால் நண்பகல் வெயில் கூரிய விளிம்புள்ள நிழலைத் தருகிறது. மேகம் மூடினால் வானம் முழுவதும் ஒளிமூலம் ஆகிவிடுகிறது, நிழல் கரைந்துபோகிறது. ஒரு மீட்டர் அகலமுள்ள வெள்ளைக் குடையை முகத்திலிருந்து ஒரு மீட்டரில் வைத்தால் மென்மையான ஒளி கிடைக்கும். அதே குடையை நான்கு மீட்டருக்கு நகர்த்தினால் அது சிறிய விளக்கைப் போலவே நடந்துகொள்ளும். விலை உயர்ந்த விளக்கு வாங்குவதைவிட இருக்கும் விளக்கை அருகே கொண்டுவருவது பல வேளைகளில் கூடுதல் பயன் தரும்.

தொலைவு இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. ஒளியின் செறிவு தொலைவின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. விளக்கிலிருந்து முகம் 1 மீட்டரிலும் பின்னணிச் சுவர் 2 மீட்டரிலும் இருந்தால், சுவருக்குக் கிடைப்பது முகத்திற்குக் கிடைப்பதில் நான்கில் ஒரு பங்கு. ஒளிப்படக் கலைஞர்களின் வழக்கில் இது இரண்டு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பதையோ பாதியாவதையோ குறிக்கும்). விளக்கை ஒரு மீட்டர் பின்னுக்குத் தள்ளி, முகம் 2 மீட்டர், சுவர் 3 மீட்டர் என ஆக்கினால் சுவருக்கு ஒன்பதில் நான்கு பங்கு கிடைக்கும். வெள்ளைச் சுவர் ஒரே அறையில் ஒருமுறை சாம்பல் நிறமாகவும் மறுமுறை ஏறத்தாழ வெள்ளையாகவும் பதிவாவதன் காரணம் இதுதான்.

விளக்குகளின் பணிகள்

முகத்தின் நிழல் வடிவத்தைத் தீர்மானிக்கும் விளக்கு முதன்மை ஒளி. ஸ்டுடியோக்களில் இது கீ லைட் என்றே வழங்கும். அதனால் விழும் நிழலின் ஆழத்தைக் குறைப்பது நிரப்பொளி. நிரப்பொளிக்கு இரண்டாவது விளக்கு கட்டாயமன்று; தமிழ்நாட்டில் திரைப்படக் குழுக்களும் திருமணப் படக்காரர்களும் பயன்படுத்தும் வெள்ளைத் தெர்மாக்கோல் பலகை ஒன்றே போதும். தலைமுடியையும் தோளையும் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டுவது விளிம்பொளி. பின்னணித் திரையின் மேல் மட்டும் விழுவது பின்னணி ஒளி.

கற்பவர்கள் நான்கையும் ஒரே நேரத்தில் ஏற்றிவிட்டுப் பிறகு சரிசெய்ய முயல்வது வழக்கமான பிழை. முதன்மை ஒளியை மட்டும் ஏற்றி, மூக்கின் நிழல் எங்கே விழுகிறது, இரு கண்களிலும் விளக்கின் பிரதிபலிப்பு தெரிகிறதா என்று பார்த்த பின்னரே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். கண்ணில் அச்சிறு புள்ளி இல்லாவிட்டால் முகம் உயிரற்றுத் தோன்றும். விளக்கு மிக உயரத்தில் இருந்தாலும், கண்கள் குழிந்திருந்தாலும் இது நேரும்.

நிழல் வகைகள்

முதன்மை ஒளியின் இடத்தைப் பொறுத்து நிழல்களுக்குப் பெயர்கள் உண்டு. விளக்கு முகத்திற்கு நேராகவும் மேலாகவும் இருந்தால் மூக்கின் அடியில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிறு நிழல் விழும். 1930-களில் பாரமவுண்ட் நிறுவனம் மார்லின் டீட்ரிச் போன்ற நடிகையரை இவ்வாறு படமெடுத்ததால் இதற்குப் பாரமவுண்ட் ஒளி என்றும் பெயர். விளக்கை ஒருபக்கமாக நகர்த்தும்போது மூக்கின் நிழல் கன்னத்தில் சிறு வளையமாகச் சாயும். இன்னும் நகர்த்தினால் அந்நிழல் கன்ன நிழலோடு இணைந்து, கண்ணுக்குக் கீழே ஒளியாலான முக்கோணம் மட்டும் எஞ்சும். 17 ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட்டின் ஓவியங்களை நினைவூட்டுவதால் இது ரெம்பிராண்ட் ஒளி எனப்படுகிறது. விளக்கு முற்றிலும் பக்கவாட்டில் இருந்தால் பாதி முகம் இருளும். இவற்றுள் எது சிறந்தது என்பதற்கு விதி இல்லை. அகன்ற முகத்திற்கு ஒளிப்படக் கருவியிலிருந்து விலகிய பக்கத்தை ஒளியூட்டினால் முகம் ஒடுங்கித் தோன்றும். ஒல்லியான முகத்திற்கு இதன் மறுதலை.

தமிழ்நாட்டில் வரலாறு

பிரான்சில் டாகெர் தம் முறையை 1839 ஆம் ஆண்டு வெளியிட்டார். 1851 இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் தகட்டு முறையை அறிமுகப்படுத்திய பின்னர் உருவப்பட நிலையங்கள் பெருகின. சென்னையில் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிக்கோலஸ், வீலே - கிளைன் ஆகிய நிறுவனங்கள் பெயர்பெற்றவை. மின்விளக்கு இல்லாத அக்காலத்தில் கண்ணாடிக் கூரையும் பெரிய சாளரமுமே ஒளிமூலங்கள். திரைச்சீலைகளை இழுத்தும் விலக்கியும் ஒளியின் திசையை மாற்றினர்.

அக்காலத் தகடுகள் நீல ஒளிக்கே பெரிதும் உணர்வுடையவை. மஞ்சளையும் சிவப்பையும் அவை மிகக் குறைவாகவே பதிவு செய்தன. மாநிறத் தோல் திருப்பியனுப்பும் ஒளியில் சிவப்பும் மஞ்சளுமே மிகுதி. எனவே மாநிறமானவர்களும் படத்தில் கண்ணால் காண்பதைவிடக் கறுத்தே தெரிந்தனர். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகளும் படச்சுருள்களும் 20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பரவும்வரை இக்குறை நீடித்தது. எதிர்ப்படிவத்தில் முகப்பகுதியின் மேல் பென்சிலால் மெல்லத் தீட்டினால் அவ்விடம் அச்சில் வெளுத்து வரும் என்பதால், பென்சில் திருத்தம் ஸ்டுடியோக்களின் அன்றாடத் தொழிலாயிற்று. வேதியியல் குறையைச் சரிசெய்ய வந்த அவ்வழக்கம், குறை நீங்கிய பின்னும் வாடிக்கையாளரை வெளுப்பாக்கும் வழக்கமாக நிலைத்துவிட்டது எனலாம். தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்ணிமமாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், பிரித்தானிய நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியுடன் 2010-களில் மேற்கொண்டனர்.

வடக்கு நோக்கிய சாளரமே சிறந்தது என்ற விதியும் இக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இலண்டன், பாரிசு போன்ற நகரங்களில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கிலேயே இருக்கும். எனவே வடக்குச் சாளரத்தில் பெரும்பாலும் வான ஒளியே வரும். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. இங்கே ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கிறது. மார்ச்சு இறுதி முதல் செப்டம்பர் வரை காலையிலும் மாலையிலும் வெயில் வடக்குச் சாளரத்தில் சாய்வாக நுழையும். ஆகவே இங்கு வடக்குச் சாளரத்திற்கும் மெல்லிய வெள்ளைத் துணித்திரை வேண்டும். வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டாக மடித்துக் கட்டினாலும் போதும்.

ஒளியமைப்பைச் சோதித்தறிவதற்குத் தமிழ்த் திரைப்பட வரலாற்றில் சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. ம. ச. சுப்புலட்சுமி நடித்து 1945 ஆம் ஆண்டு வெளியான மீரா திரைப்படத்தை அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார், ஒளிப்பதிவு ஜித்தன் பானர்ஜி. படப்பிடிப்பிற்கு முன்னர் சுப்புலட்சுமியின் முகத்தை ஒத்த மார்பளவுச் சாந்துச் சிலை ஒன்றைச் செய்வித்து, அதன் மேல் பலவாறு ஒளியமைத்து, பல கோணங்களில் படம்பிடித்துப் பார்த்து, எது அவர் முகத்திற்குப் பொருந்தும் என இருவரும் ஆராய்ந்தனர். நடிகையை மணிக்கணக்கில் சூடான விளக்குகளின் முன் நிறுத்தாமல் ஒளியைக் கற்க இது வழிசெய்தது. இதே முறையை இன்று எவரும் பின்பற்றலாம். எடுப்பான மூக்குள்ள கொலு பொம்மை ஒன்றை முக்காலியில் வைத்து ஒரே விளக்கைச் சுற்றிலும் நகர்த்திப் பார்த்தால், மேலே கூறிய நிழல் வகைகள் அனைத்தையும் ஒரு மாலைப்பொழுதில் காணலாம்.

சிறிய அறையில் நிறுவுதல்

10 அடிக்கு 12 அடி அறை ஒன்றைக் கொள்வோம். நீளவாட்டில் ஒரு முனையில் பின்னணித் திரை. அதிலிருந்து 3 முதல் 4 அடி முன்னே இருக்கை. இருக்கையிலிருந்து 6 அடியில் ஒளிப்படக் கருவி. இதைவிட நெருங்கினால் மூக்கு பெருத்தும் காது சிறுத்தும் தோன்றும். முழுச்சட்ட உணரியுள்ள கருவியில் 85 மி.மீ. வில்லையும், அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி உணரியில் 50 மி.மீ. வில்லையும் இவ்விடத்திற்குப் பொருந்தும்.

முதன்மை ஒளியைக் குடை அல்லது சாஃப்ட்பாக்ஸ் வழியாக, முகத்திலிருந்து 3 முதல் 4 அடியில், பக்கவாட்டில் ஏறத்தாழ 45 பாகையில், கண்மட்டத்திற்குச் சற்று மேலே வைத்துச் சாய்க்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் 2 அடி தள்ளித் தெர்மாக்கோல். ஃபிளாஷ் விளக்கானால் ஷட்டர் வேகம் 1/125 நொடி, ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/8 எனக் கையால் அமைத்துத் தொடங்கலாம். முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுக்க வேண்டும். படம் கருமையாக வந்தால் அறையின் குழல்விளக்கு ஒளி படத்தில் கலக்கவில்லை என்று பொருள். குழல்விளக்கின் ஒளி கலந்தால் தோலில் பச்சைச் சாயல் படியும். ஷட்டரை 1/250 நொடிக்கு மேல் விரைவாக்கினால் பெரும்பாலான கருவிகளில் படத்தின் ஒரு பகுதி இருண்ட பட்டையாகிவிடும்.

சிறிய அறையின் உண்மையான சிக்கல் வெள்ளைச் சுவர். பக்கச் சுவர்கள் அருகிலேயே இருப்பதால் ஒளி எங்கும் தெறித்து, கேட்காமலேயே நிரப்பொளியாகிறது. நிழல் வெளிறிப் படம் தட்டையாகிறது. நிழல் பக்கச் சுவரில் கறுப்புத் துணி தொங்கவிடுவதே தீர்வு. கூரை தாழ்ந்திருந்தால் விளிம்பொளியைத் தலைக்கு மேல் வைக்க இயலாது; இருக்கைக்குப் பின்னால் பக்கவாட்டில், படத்தின் சட்டத்திற்கு வெளியே, தோள் உயரத்திற்குச் சற்று மேலே வைக்கலாம். அதன் ஒளி வில்லையில் நேரே விழாதவாறு அட்டையால் மறைக்க வேண்டும்.

தொடர்ந்து எரியும் விளக்குகளில் 1000 வாட் ஆலசன் விளக்குகள் நெடுங்காலம் பயன்பட்டன. அவை வெளியிடும் வெப்பத்தில் சென்னைக் கோடையில் அமர்ந்திருப்பவரின் முகம் இரண்டு நிமிடங்களில் வியர்த்துவிடும். அவற்றின் நிற வெப்பநிலை 3200 கெல்வின். பகலொளியும் ஃபிளாஷும் ஏறத்தாழ 5500 கெல்வின். இரண்டையும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் வரும். இன்று எல்.ஈ.டி. விளக்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன. அவற்றை வாங்கும்போது வாட் அளவைவிட நிறம் காட்டும் குறியீட்டெண் 95 அல்லது அதற்கு மேல் உள்ளதா எனப் பார்ப்பது முதன்மையானது. எண் குறைந்த விளக்குகள் பெரும்பாலும் சிவப்பை மங்கலாகக் காட்டுவதால் மாநிறத் தோல் சாம்பல் படிந்ததுபோல் வரும்.

கருநிறத் தோலும் ஒளி அளவீடும்

ஒளிப்படக் கருவியிலுள்ள ஒளிமானி தான் காண்பது எதுவாயினும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எடுத்துக்கொள்கிறது. இதன் அளவுகோல் 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் சாம்பல் அட்டை. வெளிறிய தோல் இதைப்போல் இருமடங்கு ஒளியைத் திருப்பும். கருநிறத் தோல் அட்டையைவிடக் குறைவாகவே திருப்பும். எனவே கருநிற முகத்தை மட்டும் அளந்து எடுத்தால் கருவி தேவைக்கு மேல் ஒளியை ஏற்று, முகத்தை வெளிறச் செய்கிறது. மாறாக, வெள்ளைச் சட்டையோ வெள்ளைப் பின்னணியோ சட்டத்தை நிறைத்தால் கருவி ஒளியைக் குறைத்து, முகத்தைக் கரிய நிழலுருவாக்கிவிடுகிறது. வடசென்னைக் கடலோரத்தில் வெயிலில் உழைத்த ஒருவர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து அமரும்போது நேர்வது இந்த இரண்டாவது பிழை. இது அவர் நிறத்தின் குற்றமன்று, அளவீட்டின் குற்றம்.

வண்ணப்படத் தொழிலும் இப்பிழையிலிருந்து விலகி இருக்கவில்லை. கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத் தோலுடைய பெண்ணின் படமே இருந்தது. இவை ஷெர்லி அட்டைகள் எனப்பட்டன. கருமையான நிறங்களைப் படச்சுருள் நன்கு காட்டவில்லை எனச் சாக்லேட், மரச்சாமான் உற்பத்தியாளர்கள் முறையிட்டது மாற்றத்திற்கு ஒரு காரணம் எனக் கனடாவின் லார்னா ராத் 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் காட்டினார். பல நிறத்தவரைக் கொண்ட அட்டைகள் 1990-களிலேயே வந்தன.

சரியான அளவீட்டிற்கு எளிய வழி, முகத்தருகே சாம்பல் அட்டையைப் பிடித்து அளப்பது, அல்லது முகத்தில் விழும் ஒளியை அளக்கும் கைமானியைப் பயன்படுத்துவது. இரண்டும் இல்லாதவர், கருவியின் மிகை ஒளி எச்சரிக்கையைப் பார்த்து, வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் மறையாத அளவிற்கு ஒளியை உயர்த்தி நிறுத்தலாம். அப்போதும் முகம் போதிய அளவு துலங்காவிட்டால் ஒளியைக் கூட்டக் கூடாது. சட்டையின் மேல் விழும் ஒளியைக் குறைக்க வேண்டும். விளக்கைச் சற்று மேல்நோக்கித் திருப்பி அதன் ஒளிக்கற்றையின் விளிம்பு மட்டும் மார்பில் படச் செய்யலாம். விளக்கின் கீழ்ப்பகுதிக்கு முன்னால் கறுப்பு அட்டையை நிறுத்தியும் சட்டையை ஒரு ஸ்டாப் வரை தாழ்த்தலாம். பட்டுப்புடவையின் சரிகைக்கும் நகைகளுக்கும் இதே முறை பொருந்தும்.

இதைவிட முக்கியமானது, தோல் ஒளியைத் திருப்பும் விதம். தோலுக்குள் புகுந்து சிதறி வெளிவரும் ஒளி நிறமியைப் பொறுத்தது. கருநிறத் தோலில் இது குறைவு. தோலின் மேற்பரப்பிலிருந்து கண்ணாடியில் போலத் தெறிக்கும் ஒளியோ எல்லா நிறத்தவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே கருநிற முகத்தின் வடிவத்தை நமக்குக் காட்டுவதில் மேற்பரப்பு மினுமினுப்பின் பங்கு மிகுதி. மினுமினுப்பு என்பது ஒளிமூலத்தின் பிரதிபலிப்பே என்பதால் ஒளிமூலத்தின் அளவு இங்கு இருமடங்கு முதன்மை பெறுகிறது. மறைப்பில்லாத சிறு ஃபிளாஷ் நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைப் பொட்டுகளாக விழும். பெரிய குடையோ துணித்திரையோ கன்ன எலும்பின் மேல் அகன்ற, மெல்லிய பளபளப்பாகப் படியும். முகம் செதுக்கியதுபோல் தெரியும். விளக்கை முன்னிருந்து பக்கவாட்டிற்கும் சற்றுப் பின்னுக்கும் நகர்த்தி, அப்பளபளப்பு விரும்பிய இடத்தில் விழுகிறதா என்று கருவியின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். முகம் முழுவதும் பவுடர் பூசும் ஸ்டுடியோ வழக்கம் இந்த மினுமினுப்பை அழித்து, முகத்தைச் சுண்ணாம்பு நிறமாக்குகிறது. வியர்வையையும் எண்ணெயையும் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

கறுத்த முடிக்குப் பின்னால் கருநீலத் திரை இருந்தால் தலையின் எல்லை மறையும். விளிம்பொளியின் ஆற்றலைப் பாடநூல் சொல்வதைவிட உயர்த்த வேண்டும், அல்லது நடுச்சாம்பல் திரைக்கு மாற வேண்டும். மென்பொருளில் பின்னர் வெளுத்துக்கொள்ளலாம் என்று ஒளியைக் குறைத்து எடுப்பதும் தவறு. இருண்ட பகுதிகளை உயர்த்தும்போது மணல் தூவியதுபோன்ற இரைச்சல் தோன்றும்.

அடையாள அட்டைப் படங்கள்

சிறிய ஸ்டுடியோவின் வருவாயில் பெரும்பங்கு தருபவை கடவுச்சீட்டு, அடையாள அட்டைப் படங்களே. பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பின் 9303 எண் ஆவணம், முகத்தில் சீரான ஒளி, முகத்திலும் பின்னணியிலும் நிழலின்மை, இயல்பான தோல் நிறம் ஆகியவற்றைக் கேட்கிறது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின்னர்க் கடலோர மீனவர்களுக்கு உயிரளவைத் தகவலுடன் கூடிய அடையாள அட்டை வழங்கும் திட்டத்தை இந்திய அரசு 2009 இல் தொடங்கியது. நெட்டுக்குப்பம் போன்ற ஊர்களில் அட்டையிலுள்ள முகமும் ஆளின் முகமும் ஒத்திருப்பது அழகியல் விருப்பம் மட்டுமன்று. கடலில் சோதனையிடுபவர் ஒப்பிடுவது அப்படத்தையே.

இதற்கு விளக்குகள் இரண்டையும் இருபுறமும் சம தொலைவில், 45 பாகையில், சம ஆற்றலில் வைக்க வேண்டும். இங்கு விளக்குகள் தொலைவாக இருப்பதே நல்லது, ஏனெனில் பின்னணியும் வெள்ளையாக வர வேண்டும். அமர்பவர் சுவரிலிருந்து 3 அடியாவது முன்னால் இருந்தால் நிழல் சுவரில் விழாது. மூக்குக்கண்ணாடியில் விளக்கு தெரிந்தால் விளக்குகளை உயர்த்தவோ மேலும் பக்கவாட்டிற்கு நகர்த்தவோ வேண்டும். கைபேசிகளிலுள்ள அழகூட்டும் வசதி தோலை வெளுத்து மழுப்புவதால், இப்படங்களுக்கு அதை அணைத்துவிட வேண்டும்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

ஃபிளாஷ் விளக்கின் மின்தேக்கியில் சில நூறு வோல்ட் மின்னழுத்தம் தேங்கும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் அது நீடிக்கும். பயிற்சி இல்லாதவர் விளக்கைப் பிரிக்கக் கூடாது. பழைய விளக்குகள் சிலவற்றின் தூண்டு மின்னழுத்தம் 200 வோல்ட்டிற்கும் மேல் இருக்கும். அவற்றை எண்ணிமக் கருவியில் நேரடியாக இணைத்தால் கருவியின் மின்சுற்று பழுதாகலாம், கம்பியில்லாத் தூண்டியே பாதுகாப்பானது. விளக்குத் தாங்கிகளின் காலில் மணல்மூட்டை கட்டுவது நன்று, குறிப்பாகக் குழந்தைகளைப் படமெடுக்கும்போது.

எண்ணூர்ப் பகுதியின் உப்புக் காற்று இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். ஈரப்பதத்தில் வில்லைகளுக்குள் பூஞ்சை படரும். வில்லைகளைச் சிலிக்கா களியுடன் இறுக மூடிய நெகிழிப் பெட்டியில் வைக்கலாம். களிமணிகள் நிறம் மாறியதும் அவற்றைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். குடைகளின் வெள்ளைத் துணி நாளடைவில் மஞ்சள் படியும், அதன் வழி வரும் ஒளியும் மஞ்சளாகும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் புதிய வெள்ளைத் தாளுடன் ஒப்பிட்டுப் பார்த்து மாற்ற வேண்டும்.